எழுப்புதலுக்கு முன்னே எட்டு வருஷம்



போன உபவாச ஜெபத்தில், 1905-ல் முக்தியில் ஊற்றப்பட்ட அபிஷேகத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். நம்ம போடியிலும் அந்த அக்கினி இறங்க வேண்டுமென்று எல்லாரும் கண்ணீரோடே ஜெபித்தோம். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. பாதிக் கதையைத்தானே சொன்னாய் என்று உள்ளே ஒரு குத்தல். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பண்டித ரமாபாய் அம்மையார் பிறந்தது 1858-ல், கர்நாடகப் பக்கம் கங்காமூலா என்னும் காட்டில். நாம் தினமும் அண்ணாந்து பார்க்கிற இதே மேற்குத் தொடர்ச்சி மலைதான், வடக்கே தள்ளி. தகப்பனார் அனந்த சாஸ்திரி பெரிய பண்டிதர். பெண்ணுக்கு சமஸ்கிருதம் ஆகாது என்று எதிர்ப்பு இருந்தும் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். ஊர் ஊராகப் போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம். 1870-களின் பஞ்சத்தில் தகப்பன், தாய், அக்காள் எல்லாரும் போய்விட்டார்கள். மிஞ்சின அண்ணனும் தங்கையும் பட்டினியோடே நடந்து நடந்து 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். இருபது வயசுப் பெண்ணின் படிப்பைக் கண்டு அங்கிருந்த பண்டிதர்கள் பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள்.

1880-ல் வேறு ஜாதியைச் சேர்ந்த ஒரு வங்காள வக்கீலை மணந்தார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, காலராவில் அவரும் போனார். கையில் மனோரமா என்னும் பெண் குழந்தை. 1883-ல் இங்கிலாந்து போன இடத்தில் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். திரும்பி வந்து 1889-ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் என்று ஓர் இல்லம் தொடங்கினார். மறுவருஷம் அது பூனாவுக்குப் போனது. பிள்ளைகள் சிலர் இயேசுவண்டை திரும்பினதால் 1893-ல் ஊர்ப் பெரியவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள்.

1896-97-ல் மத்திய மாகாணத்தில் கொடும் பஞ்சம். தான் பசித்த நாட்களை அம்மையார் மறக்கவில்லை. அங்கே போய், எலும்பும் தோலுமாய்க் கிடந்த சுமார் முன்னூறு பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தார். பூனா பக்கத்தில் கேட்காவ் என்ற இடத்தில் முக்தி இல்லம் உண்டானது இப்படித்தான். 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. நெசவு, செக்கு, விவசாயம், அச்சுக்கூடம் என்று ஆளுக்கொரு வேலை. பார்வையற்றவர்களுக்கு மனோரமா ப்ரெய்ல் கற்றுக்கொடுத்தார்.

இதுவரைக்கும் நம் பிரசங்கங்களில் வரும். வராதது ஒன்று உண்டு. அதே 1897-ல் பூனாவில் பிளேக் நோய். வெள்ளைக்கார அரசாங்கம் வீடு வீடாய்ச் சோதித்து, ஜனங்களை முகாமுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது. அங்கே பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, என் இல்லத்துப் பிள்ளை ஒருத்தியே அங்கு காணாமற்போனாள் என்று பம்பாய் கார்டியன் பத்திரிகைக்கு அம்மையார் பகிரங்கமாய் எழுதினார். காரியம் லண்டன் பார்லிமெண்டு வரைக்கும் போனது. கவர்னர் மறுத்தார். யோசித்துப் பாருங்கள். சொந்த ஜனங்கள் ஏற்கெனவே கைவிட்டாயிற்று. இல்லத்துக்குப் பணம் கடல் கடந்து கிறிஸ்தவர்களிடமிருந்து வருகிறது. ஆளுகிறவர்களும் கிறிஸ்தவர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு அநாதைப் பிள்ளைக்காகக் கேட்டார்.

நியாயம், இரக்கம், மனத்தாழ்மை என்று மூன்றை மீகா தீர்க்கதரிசி சேர்த்துச் சொன்னார். நாம் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டோம். கிறிஸ்துமஸுக்கு நாலு விதவைகளுக்குச் சேலை கொடுத்தால் இரக்கம் முடிந்தது, போட்டோவும் எடுத்தாயிற்று. நியாயம் கேட்கப்போனால்தான் ஆட்கள் முகத்தைத் திருப்புவார்கள்.

இப்படி எட்டு வருஷம் போன பிறகுதான் 1905 ஜூன் வந்தது. ஒரு பிள்ளையின்மேல் அக்கினியைக் கண்ட இன்னொருத்தி, அணைக்கத் தண்ணீர் எடுக்க ஓடினாள் என்பது சாட்சி. அசூசா தெரு எழுப்புதலுக்கும் முந்தின வருஷம் இது. அங்கிருந்த மின்னி ஆபிராம்ஸ் அம்மையார் எழுதின புஸ்தகம் தென் அமெரிக்காவில் சிலி தேசம் வரைக்கும் போய், அங்கே 1909-ல் எழுப்புதலுக்குத் தூண்டுதலாயிற்று. பிள்ளைகள் பலர் அந்நியபாஷை பேசினார்கள். ரமாபாய் அம்மையாரோ பேசவில்லை. பேசினவர்களைத் தடுக்கவும் இல்லை, தனக்கும் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. நம்மிலே எத்தனை பேருக்கு அந்தத் தாழ்மை உண்டு, நான் முதற்கொண்டு?

பிறகு எபிரெயுவும் கிரேக்கும் படித்து, கிராமத்துப் பெண்களுக்கும் விளங்குகிற எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். எழுத்து கோத்து அச்சடித்ததும் முக்திப் பெண்களே. 1921-ல் மனோரமா இறந்துபோனார். துக்கத்தோடும் வேலையை விடாமல் செய்து, 1922 ஏப்ரல் 5-ல் அம்மையார் கண் மூடினார். முழு வேதாகமம் அச்சாகி வந்தது 1924-ல்.

இனி என் காரியம். ஊழியம் போக மற்ற நாட்களில் நான் ஒரு ஏலத்தோட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். போன மழையில் ஒரு நாள் போடிமெட்டுப் பாதையில் மரம் விழுந்து, காய் எடுக்கப் போன பொம்பளைகளின் ஜீப் இரண்டு மணி நேரம் தாமதம். பதிமூன்று பேருக்கும் அரைநாள் போடு என்று உத்தரவு. சாயங்காலம் வரைக்கும் நின்று வேலை பார்த்தவர்கள்தான். என் கையாலேயே அரை என்று எழுதினேன். சபைக்கூரைக்குத் தகடு வாங்கிக் கொடுத்தவர் அவர், அதனால் வாய் வரவில்லை. அந்த ஞாயிறு, அந்தப் பதிமூன்று பேரில் ஒரு அக்கா அழுது ஜெபித்தார்கள். அவர்கள் தலைமேல் நான் கை வைத்து ஜெபித்தேன்.

மீதி அரைநாள் கூலியை என் கையிலிருந்து பதினொரு பேருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள், தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நோட்டில் அரை என்றுதான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சம்பள நாள். நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளி முன்னே போய் நிற்கப்போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.