ஜான் பனியன் சரிதம்

செல்வமும் உயர்கல்வியும் உடையாரே உலகில் நிலைபெறும் காரியஞ் செய்வர் என்று நம்முட் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு ஜான் பனியன் என்னும் ஆங்கிலப் பெரியாரின் சரிதமே சான்றாம்.

இவர் 1628ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்துப் பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ கிராமத்திற் பிறந்தார். பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடுவது தந்தையார் தொழில். மைந்தரும் அதனையே கற்றார். 1644இல் அன்னையையும், அடுத்த மாதமே தங்கையையும் இழந்தார். விவாகமான காலத்தில் தம்பதிகளுக்கு ஒரு தட்டுங் கரண்டியுந்தானும் இல்லை. மனைவியார் கொணர்ந்த சீதனம் இரண்டு பக்தி நூல்களே. அவற்றை வாசித்தது முதல் இவருள்ளம் கடவுள்பால் திரும்பலாயிற்று. மூத்த மகள் மேரி கண்ணொளியற்றவள். 1658இல் மனைவியார் நான்கு மக்களை விட்டு இறந்தார். மறு ஆண்டு எலிசபெத் என்னும் பெண்மணியை மணந்தார்.

1660 நவம்பரில், அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூட்டங்கூட்டிப் பிரசங்கித்த குற்றத்திற்காகப் பனியன் பிடிபட்டார். கருவுற்றிருந்த எலிசபெத் அச்செய்தியால் அதிர்ந்து, குறைப்பிரசவமாகி, பெற்ற மகவையும் இழந்தார். ஆயினும் மறு ஆண்டு நியாயாதிபதிகள் முன் சென்று கணவருக்காக மன்றாடினார், பயனில்லை.

ஈண்டு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். இனிப் பிரசங்கிப்பதில்லையென்று வாக்களித்திருப்பின் பனியன் வீடு திரும்பியிருக்கலாம். ஒருபுறம் மனச்சாட்சி; மறுபுறம் கண்ணில்லா மகள். அவள் பசியாலுங் குளிராலும் வருந்துவாளேயென நினைந்து நெஞ்சம் நைந்தார். எனினும், தகப்பனற்ற பிள்ளைகளைக் காப்பேனென்னும் வேதவாக்கைப் பற்றி, மக்களைக் கடவுளிடம் ஒப்புவித்தார். ஒப்புவித்தபின் கைகட்டி இருந்தாரல்லர். சிறையிலிருந்தே நாடாக்கள் செய்து விற்பித்துக் குடும்பத்துக்கு உதவினார். இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1672இல் விடுதலை பெற்றார்.

1678இல் வெளிவந்த இவரது மோட்சப் பிரயாணம் என்னும் நூல் பெரும்பாலும் சிறைவாசத்தில் உருவாயிற்றென்பர் அறிஞர். நம் திருநெல்வேலி நாட்டுக் கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவியே இரட்சணிய யாத்திரிகமென்னுங் காப்பியம் இயற்றி 1894இல் வெளியிட்டார்.

1688இல் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த பிணக்கைத் தீர்க்கச் சென்ற பனியன், மழையில் நனைந்து லண்டன் சேர்ந்து, சுரங்கண்டு, ஆகஸ்டு 31ஆம் நாள் மறைந்தார்.

விசுவாசம் இவர் துன்பத்தை நீக்கிற்றில்லை. துன்பத்தின் நடுவே நிற்கும் வலிமையைத் தந்தது. கைத்தொழிலை இழிவென்பாரும், இடர் வந்துழித் தெய்வத்தை நோவாரும் நம்மிடையே உளர். அன்னோர் இச்சரிதத்தைத் தம் மக்களுக்கும் வாசித்துக் காட்டுவாராக.