பிடி அரிசியும் பள்ளிக்கூடமும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையின் இருபுறமும் கரிசல் மண். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் உண்டு. பொய்த்தால் ஒன்றும் இல்லை. இந்த வானம் பார்த்த பூமியில் ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராமலிருந்தது ஏன்? படிப்பின்மீது வெறுப்பா? இல்லை, வயிற்றுப் பசி! மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கூழ். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் நாலு காசு. பள்ளிக்கூடத்தில் என்ன கிடைக்கும்?

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் காமராசர். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய ஊர் எட்டயபுரம்.

அவருடைய வாழ்க்கையை நாம் அறிவோம். ஆனால் அதில் ஒரு பகுதியை மறந்துவிடுகிறோம். 1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை எந்த அரசனும் கட்டிக் கொடுத்ததன்று. கோயில் வாசல் அடைக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தார், தம் பிள்ளைகள் தலைநிமிர வேண்டுமென்று நடத்திய பள்ளி. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியில் நடந்ததால் பிடி அரிசிப் பள்ளி என்றே அதற்குப் பெயர்.

அந்தப் பள்ளியிலும் அவரால் நிலைக்க முடியவில்லை. குடும்பத்தின் கஷ்டம் அவரைத் தாய்மாமனின் ஜவுளிக் கடைக்கு அனுப்பியது. பிறகு காங்கிரசு, போராட்டம், ஏறக்குறைய ஒன்பது ஆண்டுச் சிறை. 1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சரானார். முதல் வேலையாக, பிள்ளைகளை அரை நாள் மட்டும் பள்ளியில் வைத்த கல்வித் திட்டத்தை அந்த ஆண்டிலேயே கைவிட்டார்.

பள்ளியில் சோறு போடுவது புதுமையன்று. 1920-ல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைச் செய்தது. ஆனால் மாநகராட்சிக்கு வருவாய் உண்டு. கரிசல்காட்டுக் கிராமத்துக்கு ஏது? காமராசர் ஊரையும் அரசையும் ஒன்றாகச் சேர்த்தார். முதலில் ஊரார் தாமாக முன்வந்து நடத்தினர். 1957 நவம்பர் முதல் அரசு பங்கு கொடுத்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு. அதில் அரசு ஆறு, ஊர் நாலு. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டினார். 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. பெஞ்சு, கடிகாரம், உடுப்பு, நிலம் என்று மக்கள் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள்.

விருதுநகரில் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகப் பிடி அரிசி எடுத்து வைத்தது. காமராசர் கேட்ட பிடி அரிசி எல்லாச் சாதிப் பிள்ளைக்கும்; ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதற்கு. அவர் செய்த பெரிய காரியம் இதுதான் என்பது நம் கருத்து.

குறையையும் சொல்ல வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கொடுக்கும் கையே கஞ்சிக்கு ஏங்கும். அன்று நாலு காசு எங்கிருந்து வரும்? ஊரின் ஈகையை மட்டும் நம்பினால், ஏழை ஊரின் பிள்ளைதான் முதலில் பட்டினி கிடக்கும். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவுத் திட்டத்தைப் பெரிதாக விரித்தது. 2022 முதல் அரசு காலை உணவும் தருகிறது. இது சலுகையன்று, பிள்ளையின் உரிமை.

அப்படியானால் ஊருக்கு வேலை இல்லையா? உண்டு, தோழர்களே! கொடுப்பது நின்றபோது கேட்பதும் நின்றுவிட்டது. வசதியுள்ளவன் தன் பிள்ளையை வேனில் ஏற்றிக் கட்டணப் பள்ளிக்கு அனுப்புகிறான். ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால் கேட்க யார் இருக்கிறார்கள்? 2009-ம் ஆண்டுச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

காமராசர் 1963-ல் பதவியைத் துறந்தார். 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார். ஜூலை 15-ல் சிலைக்கு மாலை போடுகிறோம், போடுவோம். மறுநாள் நம் ஊர்ப் பள்ளிக்குப் போய், கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா, எந்தப் பிள்ளை நின்றுவிட்டது என்று கேட்போம். இன்று நாம் கொடுக்க வேண்டிய பிடி அரிசி அதுதான்.