தூரிகை ஏந்திய மங்கை அம்ரிதா ஷெர்கில்

சித்திரம் கீறத் தெரிந்த பெண்பிள்ளை வீட்டிற்கு அலங்காரம். சித்திரமே என் தொழில் என்று சொல்பவளோ வீட்டிற்கு வில்லங்கம். இப்படி எண்ணிய காலத்திலே, தூரிகையையே துணையாகப் பற்றி நின்ற ஒரு மங்கையின் சரிதத்தை இம்மலரிலே கூற முற்படுகின்றோம்.

அம்ரிதா ஷெர்கில் 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரிலே பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு, வடமொழி கற்றவர். தாயார் ஹங்கேரி நாட்டு இசைவாணி. 1921இல் குடும்பம் சிம்லாவிற்கு வந்தது. மகளின் கைத்திறனைக் கண்ட பெற்றோர், 1929இல் அவரைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்று கலைக்கல்லூரியிற் சேர்த்தனர். 'இளம் பெண்கள்' என்னும் ஓவியத்தின் பயனாக, 1933இல், இருபது வயதிலே, அந்நகரின் பெருங்காட்சிச் சங்கத்தில் இணை உறுப்பினராகும் பெருமை பெற்றார்.

அங்கேயே தங்கியிருந்தால் புகழுக்குக் குறைவில்லை. ஆயினும் அவர் உள்ளம் இந்தியாவை நாடியது. மகளின் கட்டற்ற போக்கு குடும்பப் பெயருக்கு இழுக்காகுமோ எனத் தந்தையார் தயங்கினார். அம்ரிதா தயங்கவில்லை, 1934இன் இறுதியில் திரும்பி வந்தார்.

மறு ஆண்டு சிம்லா நுண்கலைச் சங்கத்தின் காட்சிக்குப் பத்து ஓவியங்களை அனுப்பினார். ஐந்து தள்ளப்பட்டன, ஏற்கப்பட்டவற்றுள் ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. தம் சிறந்த படைப்புகளைத் தள்ளியவர்களின் பரிசு தமக்கு வேண்டாமென்று அதனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வயது மங்கையின் இச்செயலை ஆணவமென்றனர் சிலர். தன் தொழிலின் மதிப்பைத் தானே அறிந்த நெஞ்சுரம் என்போம் நாம்.

பின்னர் அஜந்தாவின் குகைச் சித்திரங்களையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டு, கன்னியாகுமரி வரை யாத்திரை செய்தார். அந்த யாத்திரையின் பயனாக 1937இல் 'மணமகளின் அலங்காரம்', 'பிரமசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்' ஆகிய மூன்று ஓவியங்கள் பிறந்தன. அரச மாளிகைகளையன்று, கருத்த மேனியும் வெள்ளைச் சீலையுமாகச் சுமை கொண்டு நடக்கும் எளிய மக்களையே அவர் திரையிலே நிலைநிறுத்தினார்.

1938இல் தம் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை மணந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவருடைய ஓவியங்களை வாங்கியவர் மிகச் சிலரே. லாகூரிலே தம் காட்சி தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, 1941 டிசம்பர் 5ஆந் திகதி, இருபத்தெட்டாம் வயதிற் காலமானார். 1976இல் இந்திய அரசு அவர் படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. 2023இல் அவருடைய ஓவியமொன்று 61 கோடி ரூபாவுக்கும் மேலாக ஏலம் போயிற்று. அந்த மதிப்பைக் காண அவர் இல்லை.

பெரியோர்களே! பூவரசங்குளத்து வயல்வரம்பிலும் குளக்கட்டிலும் நாற்றுமுடி சுமந்து செல்லும் பெண்களும் சித்திரத்துக்குரியவர்களே. அவர்களைக் கொப்பியின் ஓரத்திலே கீறும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். படிப்பைப் பார் என்று அதட்டுமுன், அவள் கீறியதை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். இளைஞர்களே, உங்கள் தங்கையருக்கு ஒரு வர்ணப்பெட்டி வாங்கிக் கொடுங்கள். மறைந்தபின் போற்றுவதிலும், வாழும்போது கைகொடுப்பதே அறமாகும்.