கண்ணீரைச் சட்டமாக்கிய அம்மையார்



வேலைக்குப் போன ஒருத்தர் விபத்துல இறந்துட்டா, அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? இன்னிக்கு நாம சட்டுனு நஷ்டஈடுன்னு சொல்லிடுறோம். ஒரு காலத்தில் அது அவ்வளவு லேசில் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் சட்டங்களுக்காகப் பாடுபட்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையாரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இது புரிந்தது.

அவர் 1880 ஏப்ரல் 10 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். கல்லூரியில் ஒரு ஆசிரியை, மாணவிகளை ஆலைகளுக்குப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். புத்தகத்தில் இல்லாத பாடம் அங்கே இருந்தது. படிப்பு முடிந்ததும் வசதியாக வீட்டில் உட்காராமல், ஏழைத் தொழிலாளர்களுக்காக உழைக்கக் கிளம்பிவிட்டார்.

1911 மார்ச் 24. நியூயார்க் மாநிலத்தில் அப்போதுதான் ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் வந்திருந்தது. ஆபத்தான வேலைகளில் விபத்து நடந்தால், தப்பு யார் மேல் என்று பார்க்காமல் முதலாளி பணம் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். தப்பே செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது நியாயமில்லை என்று மாநில உயர் நீதிமன்றம் அன்றைக்கு அதை ரத்து செய்தது.

மறுநாளே, மார்ச் 25, நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனியில் தீ! எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில் கம்பெனி. ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் இளம் பெண்கள். பக்கத்துத் தெருவில் இருந்த பெர்கின்ஸ் ஓடி வந்து, ஜன்னல் வழியாகப் பெண்கள் குதிப்பதைக் கண்ணால் பார்த்தார்.

வழக்கில் முதலாளிகள் விடுதலை ஆனார்கள். பிறகு 1914-இல், வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஒரு உயிருக்கு 75 டாலர் கொடுத்தார்கள். இதைப் படிச்சப்போ எனக்கு மனசே ஆறலை.

பெர்கின்ஸ் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்காக ஆலை ஆலையாகப் போனார். குழுவில் இருந்த ஆல் ஸ்மித், ராபர்ட் வாக்னர் என்ற அரசியல்வாதிகளையும் இழுத்துக்கொண்டு போனார். தீ வந்தால் தப்பிக்கும் வழி என்று ஒரு ஆலையில் காட்டிய சின்ன ஓட்டைக்குள் வாக்னரையே நுழைந்து போகச் சொன்னாராம். வெளியே பனி உறைந்த ஏணி; அதுவும் தரையைத் தொடாத ஏணி! பார்த்தவர்களுக்குப் புரிந்தது. சில வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. ரத்தான நஷ்டஈட்டுச் சட்டமும், மாநில அரசியலமைப்பையே திருத்திய பிறகு, 1914-இல் நடைமுறைக்கு வந்தது.

1919-இல் ஆளுநரான ஆல் ஸ்மித், பெர்கின்ஸை மாநிலத் தொழில் ஆணையத்தில் நியமித்தார். நஷ்டஈட்டைக் கவனிப்பதும் அந்த ஆணையத்தின் வேலைதான். 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சர் ஆக்கினார். அமெரிக்க மத்திய அமைச்சரவையின் முதல் பெண் இவரே!

1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வயதானவர்களுக்கு ஓய்வூதியம், வேலை போனவர்களுக்கு உதவித்தொகை, அப்பாவின் ஆதரவு இல்லாத ஏழைக் குழந்தைகளுக்குப் பண உதவி எல்லாம் அதில் இருந்தன. பல உதவிகளை மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்தே நடத்தின.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியே ஆகணும். வயலில் உழைத்தவர்களுக்கும் வீட்டு வேலை செய்தவர்களுக்கும் அந்த ஓய்வூதியம் கிடையாது. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் இந்த வேலைகளில்தான் இருந்தார்கள். 1950-க்குப் பிறகுதான் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். சட்டத்தில் பெயர் விடுபட்டால், வீட்டில் அடுப்பு எரியாது.

12 வருடங்கள் அமைச்சராக இருந்த பெர்கின்ஸ் 1965 மே 14 அன்று மறைந்தார்.

நண்பர்களே, இரக்கம் ரெண்டு நாளில் மறந்துபோகும். சட்டமாக எழுதி வைத்தால், முகம் தெரியாத குடும்பமும் யாரிடமும் கையேந்தாமல் உரிமையோடு கேட்டு வாங்கலாம். இந்த அம்மையாரிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான். நீங்களும் சிந்தியுங்கள்!

— 9ஆம் வகுப்பு ஆ பிரிவு மாணவி