மாயச் சிலேட்டு

மாயாஜாலக் கதை என்றால் எங்களுக்கு உயிர். கணக்கு வகுப்பில் மடியில் வைத்துப் படிக்கும் துணிச்சல்காரிகள்கூட எங்களில் உண்டு (பெயர் சொல்ல மாட்டோம், இம்மலரை அருட்சகோதரியரும் படிப்பார்கள்). அக்கதைகளில் அடிக்கடி ஒரு பிள்ளை வரும். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பறக்கத் தெரியும், மாயமாய் மறையத் தெரியும். இப்பிள்ளைக்கு மட்டும் யாருக்கும் பயன்படாத ஒரு சின்ன வித்தை தெரியும். ஊரே சிரிக்கும். அந்த வித்தையின் அருமை பிறகுதான் தெரியவரும். அப்படி ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தார், அதுவும் குழந்தைப் பருவத்தில் நம் காஞ்சிபுரத்தில் இருந்தார் என்று அறிந்தபோது எங்களுக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயைப் பெற்றவர்களின் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தறியும் புடவைக் கடையும் சோறு போடும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த வருமானத்தின் நீள அகலத்தை விளக்க வேண்டியதில்லை. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது பெரியம்மை கண்டது. தஞ்சை மாவட்டத்தில் அவ்வாண்டு ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டுபோன நோய் அது. இராமானுஜன் பிழைத்தார்.

தாத்தாவுக்குக் காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் வேலை. ஆகவே தாயும் மகனும் இங்கே வந்து தங்கினார்கள். தாத்தாவின் வேலை போனதும் கும்பகோணம் திரும்பினார்கள். இடையில் சென்னையில் ஒரு பள்ளியில் சேர்த்தபோது அது பிடிக்காமல் மட்டம் போட ஆரம்பித்தார். வீட்டார் ஒரு போலீஸ்காரரின் உதவியை நாடித்தான் அவரைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மேதைகளும் மட்டம் போட்டார்கள் என்று அறிவது எங்களில் சிலருக்கு ஆறுதல்!

1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் விளக்க, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலுமா என்று இவர் கேட்டாராம். சுமார் 1,200 மாணவர்களுக்கும் 35 ஆசிரியர்களுக்கும் கால அட்டவணை போடும் தலைவலியைக் கணக்காசிரியர் கணபதி சுப்பையர் இந்த மாணவரிடமே ஒப்படைத்தார். 1904-இல் கணக்குப் பரிசும் பெற்றுப் பள்ளியை விட்டு வெளியேறினார்.

அதற்கு முன்பே, 16 வயதில், ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. சுமார் 5,000 சூத்திரங்கள் வரிசையாக இருக்கும்; நிரூபணம் பெரும்பாலும் இராது. எங்கள் கையில் கிடைத்திருந்தால் அன்றே மூடி வைத்திருப்போம். அவரோ ஒவ்வொன்றையும் தாமே நிரூபித்துப் பார்த்து, அதில் இல்லாத புதியவற்றையும் காணத் தொடங்கினார். அன்று முதல் வேறு பாடம் எதுவும் மனத்தில் ஏறவில்லை.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, மற்றப் பாடங்களில் தவறியதால் பறிபோனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் என்ற பாடம் வந்து குறுக்கே நின்றது. செரிமானத்தைப் பற்றிய தேர்வில், இப்பாடம் எனக்குச் செரிக்கவில்லை என்ற பொருள்பட எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. 1906-இலும் 1907-இலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். பட்டம் இல்லை, வேலையும் இல்லை.

பொதுத் தேர்வு எழுதப்போகும் எங்களுக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. எல்லாருக்கும் ஒரே விதிதானே, அவருக்காக மாற்ற முடியுமா என்று வகுப்பில் பாதிப் பேர் வாதாடினோம். அந்த விதி எதை அளக்கிறது என்று மறுபாதி கேட்டது. மணி அடித்தும் வழக்குத் தீரவில்லை.

அந்த வெறுமையான ஆண்டுகளில் அவருக்குத் துணை ஒரு சிலேட்டு. கும்பகோணம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதுவார், முழங்கையாலேயே அழிப்பார், மீண்டும் எழுதுவார். காகிதம் விலை அதிகம். எனவே முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும், வழிமுறை முழங்கையோடு போய்விடும். பிற்காலத்தில் உலகத்துப் பேராசிரியர்கள் அந்த நோட்டுகளோடு பல ஆண்டுகள் மல்லாடியதற்கு இதுவும் ஒரு காரணம். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தருவதாக அவர் நம்பினார்.

1909-இல் ஜானகி என்ற பத்து வயதுச் சிறுமியோடு திருமணம் நடந்தது. நோட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலைக்கு அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. இராமசுவாமி ஐயர் அவற்றைப் பார்த்து மலைத்தார். நெல்லூர் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் தம் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அவற்றில் இருந்ததெல்லாம் அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் வித்தையைக் கண்டு சிரிக்காத முதல் சிலர் இவர்கள்தாம். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலையும் கிடைத்தது.

அங்கிருந்து 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இருவருக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டி முதலில் ஐயப்பட்டார். பிறகு தோழர் லிட்டில்வுட்டோடு சேர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். இவற்றைப் பொய்யாகப் புனைய எந்த ஏமாற்றுக்காரனுக்கும் கற்பனை போதாது என்று தெளிந்தார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னையை விட்டுப் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜின் குளிரில் கட்டிலின் விரிப்பு மேலேயே படுத்து, மேலங்கியும் சால்வையும் போர்த்தி நடுங்கினார் நம் மேதை. கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் பின்னாளில் புள்ளியியலில் புகழ்பெற்ற மகலனோபிஸ். சூத்திரம் தெரிந்தவருக்குப் போர்வை தெரியவில்லை!

அங்கே அவர் செய்தவற்றில் ஒன்று எங்களுக்கும் புரிகிறது. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். ஐந்துக்கு ஏழு. பத்துக்கு 42. நூறுக்கோ 19,05,69,292! இதைப் பட்டியல் போடாமல் கண்டறியும் வழியை ஹார்டியும் அவரும் சேர்ந்து 1918-இல் வெளியிட்டார்கள். அவ்வாண்டே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ ஆன முதல் இந்தியரும் அவரே.

அதற்குள் உடல் நொடித்துவிட்டது. போர்க்காலம், சைவ உணவு கிடைப்பது அரிது. நோயாளியைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 சுவையற்ற எண் என்று பேச்சுவாக்கில் சொன்னார். படுத்திருந்தவர் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான்: 12-இன் கனமும் 1-இன் கனமும், 10-இன் கனமும் 9-இன் கனமும். கூட்டிப் பாருங்கள்.

காசநோய் என்று அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். அது அக்காலத்திலேயே மருந்து இருந்த கல்லீரல் நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வு ஒன்று கூறுகிறது. 1919-இல் தாயகம் திரும்பினார். வலியோடு தாள் தாளாக எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அத்தாள்கள் இங்கிலாந்துக்குச் சென்று, கைமாறி, மறக்கப்பட்டன. 1976-இல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் டிரினிடி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். 600-க்கும் மேற்பட்ட முடிவுகள்! அவற்றுள் ஒரு வகைச் சார்புகள் எப்படிப் பிறந்தன என்பதை ஸ்வேகர்ஸ் என்ற டச்சு இளைஞர் 2002-இல் விளக்கினார். இன்று வானத்துக் கருந்துளைகளை ஆராய்பவர்களும் அச்சார்புகளை எடுத்தாளுகிறார்கள்.

எங்கள் மனம் போய் நின்றதோ ஜானகி அம்மாளிடம். கணவரை இழந்தபோது அவருக்கு வயது 21. பம்பாயில் தையல் கற்று, சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் வாழ்ந்தார். கணவருக்கு ஒரு சிலை வேண்டும் என்ற அவர் ஏக்கம், உலகெங்குமுள்ள கணித அறிஞர்கள் பணம் திரட்டியதால் 1980-களில் மார்பளவு வெண்கலச் சிலையாக நிறைவேறியது. 1994-இல் அவர் மறைந்தார். கடைசி மாதங்களில் கணவருக்கு நேரந்தவறாமல் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, நெஞ்சிலும் காலிலும் ஒத்தடம் வைத்தவர் அவர். அதற்கு வெந்நீர் காய்ச்சிய இரண்டு பாத்திரங்களையும் முதுமையிலும் பத்திரமாக வைத்திருந்தார்.