ஜோசப் இஸ்ராயல்ஸ்

ஜோசப் இஸ்ராயல்ஸ் (ஜனவரி 27, 1824 - ஆகஸ்ட் 12, 1911) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். மீனவர்களும் உழவர்களும் வாழ்ந்த குடிசைகளின் மங்கலான உட்புறங்களையும், அங்கு நிகழ்ந்த அன்றாட இல்லற வாழ்வையும் வரைந்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். ஹேக் ஓவியக் குழுவின் முதன்மையானவர்களுள் இவரும் ஒருவர்.

இளமையும் கல்வியும்

குரோனிங்கன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாணய மாற்றுத் தொழில் செய்துவந்த தந்தை, மகன் வணிகத்தில் ஈடுபடுவதையே விரும்பினார். நீண்ட போராட்டத்துக்குப் பின்னரே இஸ்ராயல்சுக்கு ஓவியம் பயில இசைவு கிடைத்தது. 1842 முதல் ஆம்ஸ்டர்டாமிலும், 1845 முதல் பாரிசிலும் பயின்றார். 1847 இல் நாடு திரும்பியபின் அக்கால வழக்கப்படி வரலாற்று நிகழ்ச்சிகளை வரைந்துவந்தார்.

திருப்புமுனை

1855 இல் உடல்நலம் கருதிச் சான்ட்வோர்ட் என்னும் கடலோர ஊரில் தங்கினார். மீனவர்களின் வறுமையையும் இழப்புகளையும் அங்கு அருகிலிருந்து கண்டது அவரது கலையின் போக்கை மாற்றியது. 1856 இல் வரைந்த "தாயின் கல்லறையைக் கடந்து" என்னும் ஓவியத்தில், மனைவியை இழந்த மீனவர் ஒருவர் தம் இரு குழந்தைகளுடன் நடந்து செல்கிறார். இவ்வோவியம் 2 மீட்டருக்கும் மேல் உயரமானது. வரலாற்று நாயகர்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட பேரளவை அவர் ஓர் ஏழை மீனவருக்கு அளித்தார். கடலில் மூழ்கி இறந்தவரைச் சுமந்துவரும் மீனவர்களைக் காட்டும் ஓவியம் 1861 இல் பாரிசிலும் 1862 இல் லண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

ஓவியப் பாணி

1871 இல் ஹேக் நகரில் குடியேறினார். குடிசை ஓவியங்களில் ஒளி பெரும்பாலும் ஒரு சிறிய சன்னல் வழியாகவே நுழைகிறது. அது முகங்களிலும் கைகளிலும் மட்டும் படிய, அறையின் எஞ்சிய பகுதி பழுப்பும் சாம்பலும் கலந்த நிழலில் மறைகிறது. உணவுண்ணல், தையல், குழந்தை வளர்ப்பு, முதுமையின் தனிமை ஆகியன இவற்றின் கருப்பொருள்கள். ஒளியையும் நிழலையும் கையாண்ட முறையில் ரெம்பிராண்டின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது.

தாக்கம்

மேசையைச் சூழ்ந்து உண்ணும் உழவர் குடும்பத்தை 1882 இல் வரைந்தார். அவ்வாண்டிலேயே அதைக் கண்டு வியந்த வின்சென்ட் வான் கோ, 1885 இல் "உருளைக்கிழங்கு உண்பவர்கள்" ஓவியத்தில் அதே கருப்பொருளைக் கையாண்டார். இஸ்ராயல்சின் அவ்வோவியம் ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான் கோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

இறுதிக் காலம்

முதுமையில் யூதர் வாழ்வையும் வரைந்தார். 1903 இல் வரைந்த "யூதத் திருமணம்" அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1911 இல், தம் 87 ஆவது வயதில், ஸ்கெவெனிங்கனில் காலமானார். இவரது மகன் ஐசக் இஸ்ராயல்சும் புகழ்பெற்ற ஓவியர் ஆவார். தந்தை வரைந்த இருண்ட குடிசைகளை விடுத்து, நகரத் தெருக்களையும் கடற்கரைகளையும் அவர் ஒளிமிக்க வண்ணங்களில் வரைந்தார்.