எண்ணெய் குடிக்கும் எஞ்சினை அடக்கியவர்! ருடால்ப் டீசலின் கதை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு சுமார் 45 கிலோ மீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும் அந்தச் சாலையில் ஒரு பஸ், லிட்டருக்கு 5 கிலோ மீட்டர் ஓடினால், 9 லிட்டர் டீசலில் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடும். லிட்டருக்கு 4 கிலோ மீட்டர்தான் ஓடுகிறது என்றால், 11 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். தினமும் நாலு நடை போய் வந்தால், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் முதலாளி தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று டிரைவர் சொன்னதும் மெக்கானிக் என்ன செய்கிறார்? டயரில் காற்று குறைவாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், சக்கரம் சுற்றாது. ஏர் பில்டரைக் கழற்றித் தூசியை உதறுகிறார. புகை கறுப்பாக வந்தால், நாசிலைக் கழற்றிப் பரிசோதிக்கிறார். பாதி வண்டிகளுக்கு நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால், எந்த மெக்கானிக்கும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எல்லாம் சரியாக இருக்கும் எஞ்சின்கூட, ஊற்றுகிற எண்ணெயில் பெரும் பகுதியை வீணாக்குகிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியை 1878-ம் ஆண்டில் 20 வயது மாணவன் ஒருவன் தனக்குத் தானே கேட்டுக்கொண்டான். பதில் தேடுவதிலேயே அவனுடைய வாழ்நாள் போய்விட்டது. அவனுடைய பெயரைத்தான் பெட்ரோல் பங்க்கில் தினமும் எல்லோரும் உச்சரிக்கிறார்கள்.

அவன் பெயர் ருடால்ப் டீசல்.

ஊர் விட்டு ஊர்

ருடால்ப், 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தான். பிறந்தது பிரான்சு என்றாலும், தாயும் தந்தையும் ஜெர்மானியர்கள். தந்தை தியோடருக்கு, புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில். தோல் சாமான்களும் செய்து விற்றார். வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து, வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது சிறுவன் ருடால்பின் வேலை.

வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்து, தந்தையிடம் தண்டனை வாங்கினான் என்று சொல்வதுண்டு. யந்திரம் என்றால் அவ்வளவு ஆசை! வீட்டுக்குப் பக்கத்தில் யந்திரப் பொருட்காட்சி சாலை ஒன்று இருந்தது. நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய், பழைய நீராவி வண்டியின் முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பான்.

1870-ம் ஆண்டில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போயிற்று. அங்கேயும் பிழைப்புக்கு வழி இல்லை. ஒரு வாயாவது குறையட்டும் என்று, 12 வயது ருடால்பைத் தனியாக ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார்கள். யுத்த காலத்து ரெயில்! மாறி மாறி ஏறி, எட்டு நாள் பிரயாணம் செய்து, ஆக்ஸ்பர்க் நகரில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

சித்தப்பா கணக்கு வாத்தியார். பையனைத் தம் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார். ருடால்ப் வகுப்பில் முதலாவதாகத் தேறினான். சம்பாதித்துப் போட வா என்று பெற்றோர் கூப்பிட்டார்கள். அவன் உபகாரச் சம்பளம் வாங்கி, மூனிச் நகரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

நூற்றுக்குப் பத்து

மூனிச்சில் அவனுக்கு ஆசிரியர் கார்ல் லிண்டே. ஐஸ் உண்டாக்கும் யந்திரத்தில் பெயர் பெற்றவர். ஒரு நாள் அவர் பாடம் நடத்தும்போது ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் உலகத்தை நடத்திக்கொண்டிருந்தது நீராவி எஞ்சின். ரெயிலும் கப்பலும் ஆலையும் அதில்தான் ஓடின. அந்த எஞ்சின், நிலக்கரியில் உள்ள சூட்டில் நூற்றுக்கு ஆறு முதல் பத்து பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்றார் லிண்டே.

வீட்டுக் கணக்காகப் பார்த்தால் சுலபமாகப் புரியும். 100 ரூபாய்க்குக் கரி வாங்கிப் போட்டால், 10 ரூபாய்க்கு வேலை நடக்கிறது. 90 ரூபாய் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது! குடும்பத்தில் இப்படிச் செலவு செய்கிற பிள்ளையை யாராவது வீட்டில் வைத்திருப்பார்களா? ஆனால் உலகம் நூறு வருஷமாக அந்த எஞ்சினை வைத்திருந்தது.

மாணவன் டீசலுக்கு இது பொறுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலேயே, இதற்கு மாற்று உண்டா என்று ஆராய வேண்டும் என எழுதி வைத்துக்கொண்டான்.

பரீட்சைச் சமயத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். மறுபடி எழுதி, 1880-ல் மிக உயர்ந்த மார்க்குடன் தேறினான். லிண்டே அவனைப் பாரிசில் இருந்த ஐஸ் தொழிற்சாலைக்கு அனுப்பினார். ஒரே வருஷத்தில் அதன் நிர்வாகி ஆனார் டீசல். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள் பிறந்தன. நல்ல சம்பளம், நல்ல குடும்பம். ஆனாலும் அந்த நோட்டுப் புத்தக ஓரம் அவரை விடவில்லை. தண்ணீருக்குப் பதிலாக அமோனியாவை ஆவியாக்கி எஞ்சினை ஓட்டலாமா என்று பல வருஷம் பாடுபட்டார். பலிக்கவில்லை.

சைக்கிள் பம்ப் சொன்ன ரகசியம்

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். இன்னும் பலமாக, இன்னும் வேகமாக நெருக்கினால்? தீயே பிடிக்கும்! மலேயாவில் பழங்கால மக்கள் இப்படித்தான் நெருப்பு உண்டாக்கினார்கள். ஒரு சிறு குழாய்க்குள் பஞ்சு போன்ற பொருளை வைத்து, தண்டைச் சட்டென்று உள்ளே அடித்தால், பஞ்சு பற்றிக்கொள்ளும். இதைப் போன்ற கருவியை டீசல் படிக்கும் காலத்திலேயே பார்த்திருக்கிறார் என்பார்கள்.

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் முதலிலேயே கலந்து, பிறகு நெருக்கி, மின்பொறியால் கொளுத்துகிறார்கள். அந்தக் கலவையை ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது. நெருக்கினால் சமயத்துக்கு முன்பே வெடித்து, எஞ்சின் தட்டும். ஆனால் எவ்வளவு நெருக்குகிறோமோ, எரிந்த பிறகு அவ்வளவு விரியும். விரிய விரிய, சூடு வேலையாக மாறும். குறைவாக நெருக்கினால், சூடு வேலை செய்யாமலே புகைக்குழாய் வழியாக ஓடிவிடும்.

டீசல் போட்ட திட்டம் இதுதான். வெறும் காற்றை மட்டும் உள்ளே விடு. அதைப் பலமாக நெருக்கு. அது கொதிக்கும் சமயம் பார்த்து எண்ணெயை உள்ளே செலுத்து. தானே பற்றிக்கொள்ளும். பொறி வேண்டாம், பிளக் வேண்டாம்!

1892 பிப்ரவரியில் பேடண்டுக்கு மனுப் போட்டார். மறு வருஷம் பேடண்ட் கிடைத்தது. அதே 1893-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். காகிதத்தில் அவர் போட்ட கணக்குப்படி, நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சூடு வேலையாக வேண்டும். ஆக்ஸ்பர்க் யந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் துணிந்து பட்டறையைக் கொடுத்தார். கிரூப் கம்பெனி பணம் போட்டது.

ஒரு நிமிஷ ஓட்டம்

1893 ஆகஸ்டு 10-ந் தேதி. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற இரும்பு எஞ்சினுக்குள் முதன் முதலாக எண்ணெய் செலுத்தினார்கள். டமார்! அழுத்தத்தை அளக்க வைத்திருந்த கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் உயிர் தப்பினார்கள். எஞ்சின் ஓடவில்லை. ஆனால் டீசல் மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்பியிருக்க வேண்டும். நெருக்கிய காற்றிலே எண்ணெய் தானே பற்றிக்கொண்டதே!

பிறகு எஞ்சினைப் பிரித்தார்கள், மாட்டினார்கள், மாற்றினார்கள். 1894 பிப்ரவரி 17-ந் தேதி, வெளியிலிருந்து பட்டை போட்டு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பட்டை தளர்ந்துபோவதை ஒரு மெக்கானிக் கவனித்தார். யந்திரம் பட்டையை நம்பாமல் தானாகவே ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். அவர் பேசவில்லை. தொப்பியை மட்டும் கழற்றினார் என்று சொல்வார்கள். ஓடியது ஒரே ஒரு நிமிஷம்.

அந்த ஒரு நிமிஷத்தை வேலைக்கு ஆகும் எஞ்சினாக்க மேலும் மூன்று வருஷம் பிடித்தது. எண்ணெயை எப்படித் தூளாகச் சிதற விடுவது, எந்தக் கணத்தில் விடுவது என்பதுதான் பெரிய போராட்டம். (இன்றைக்கும் நாசில் கெட்டால் லாரி கறுப்புப் புகை விடுவது இதனால்தான்.)

1897-ல் அதே பிப்ரவரி 17-ந் தேதி, மூனிச் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து எஞ்சினைப் பரிசோதித்தார். ஒரு குதிரை சக்தியை ஒரு மணி நேரம் தர, சுமார் 240 கிராம் எண்ணெய்தான் செலவாயிற்று. சூட்டில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியிருந்தது. காகிதக் கணக்கு 70. கையில் கிடைத்தது 26. என்றாலும் நீராவி எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! உலகத்திலேயே மிகக் குறைவாகத் தீனி கேட்கும் எஞ்சின் பிறந்துவிட்டது.

பாரிசில் கடலை எண்ணெய்

பல நாட்டு முதலாளிகள் வந்து குவிந்தார்கள். அமெரிக்காவின் பீர் வியாபாரி அடால்பஸ் பூஷ், பத்து லட்சம் மார்க் கொடுத்து உரிமை வாங்கினார். 40 வயதில் டீசல் பெரும் பணக்காரர்.

1900-ம் ஆண்டில் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. டீசல் எஞ்சினுக்கு முதல் பரிசு கிடைத்தது. அங்கே இன்னொரு அதிசயமும் நடந்தது. பிரெஞ்சு சர்க்காரின் விருப்பப்படி, ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆப்பிரிக்காவில் விளையும் நிலக்கடலையைக் கொண்டே அங்குள்ள எஞ்சின்களை ஓட்டலாம் என்பது பிரெஞ்சுக்காரர்களின் யோசனை.

நிலக்கடலை என்றதும் பண்ருட்டிக்காரர்களுக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கும் காது நிமிரும். தென்னாற்காட்டு மல்லாட்டை அந்த நாளிலேயே பேர்போனது. புதுச்சேரியில் கப்பல் ஏறி பிரான்சின் மார்செய் துறைமுகம் வரை போயிற்று. அங்கே அதை ஆட்டி, எண்ணெயும் சோப்பும் செய்தார்கள். இங்கே வடைக்கும் தோசைக்கும் ஊற்றுகிற எண்ணெய், எஞ்சினையும் ஓட்டும் என்று பாரிஸ் காட்டியது. பயிர் எண்ணெய்கள் ஒரு காலத்தில் பெட்ரோலியத்தைப் போல முக்கியமாகிவிடலாம் என்று 1912-ல் டீசல் கருத்துத் தெரிவித்தார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் பொறியியல் துறையிலும் பிற்காலத்தில் அதைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்தன.

சின்னத் தொழிலாளியும் சொந்தமாக ஓர் எஞ்சின் வைத்துப் பிழைக்க வேண்டும் என்பது டீசலின் ஆசை. தொழிலாளர்களே ஆலைக்கு உடைமையாளர்களாக வேண்டும் என்று 1903-ல் ஒரு புத்தகம்கூட எழுதினார். அதை வாங்கிப் படித்தவர்கள் மிகச் சிலரே. அவருடைய எஞ்சின் பெரிய கப்பலுக்கும் போயிற்று. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற கப்பல், டீசல் எஞ்சினில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை வந்தது.

எஞ்சினில் ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று பார்த்தவர், சொந்தப் பணத்தில் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. மூனிச்சில் அரண்மனை போன்ற வீடு கட்டினார். எண்ணெய்க் கிணறுகளிலும் மனைகளிலும் பணத்தைப் போட்டு இழந்தார். பேடண்ட் வழக்குகள் வேறு. தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் வந்து, மாதக் கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார்.

கப்பலில் ஒரு இரவு

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் டீசல். இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்குப் பிரயாணம். இரண்டு நண்பர்கள் உடன் வந்தார்கள். மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். காலை 6-15 மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு, இரவு 10 மணி அளவில் டீசல் தம் அறைக்குப் போனார்.

காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடியே இருந்தது. மேல் தளத்தில், கம்பிக்கு அடியில், அவருடைய தொப்பியும் மேல் அங்கியும் ஒழுங்காக இருந்தன.

கடன் தொல்லையால் கடலில் விழுந்தார் என்றார்கள் சிலர். எதிரிகள் தள்ளிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். யுத்த மேகம் சூழ்ந்த நேரம். நீர்மூழ்கிக் கப்பலுக்கு டீசல் எஞ்சின் தேவைப்பட்ட நேரம். வழக்கு எந்த முடிவுக்கும் வரவில்லை. புறப்படுவதற்கு முன் அவர் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தாராம். மார்த்தா திறந்து பார்த்தபோது, ரொக்கப் பணமும், பாங்கிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று காட்டும் காகிதங்களும் இருந்தன.

அவர் இறந்து பத்து வருஷத்துக்குப் பிறகுதான் டீசல் எஞ்சின் லாரியில் ஏறியது. 1936-ல் டீசல் எஞ்சின் பொருத்திய மெர்சிடிஸ் கார் வந்தது. 100 கிலோ மீட்டருக்குப் பெட்ரோல் கார் 13 லிட்டர் குடித்த இடத்தில், அது ஒன்பதரை லிட்டரில் ஓடியது. வாடகைக் கார்க்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். தமிழ்நாட்டுப் பஸ்கள் இரண்டாவது உலக யுத்தத்தின்போது பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். அதன் பிறகு இங்கேயும் டீசல் பஸ்தான் எங்கும்.

டிரெஸ்டன் கப்பலில் அவர் மறைந்து சுமார் பத்து நாள் கழித்து, ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் மிதந்த உடல் ஒன்றைக் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை டப்பா, பணப்பை, பேனாக்கத்தி, மூக்குக் கண்ணாடிக் கூடு. அக்டோபர் 13-ந் தேதி இளைய மகன் யூஜென் வந்து பார்த்து, இவை அப்பாவுடையவைதான் என்று அடையாளம் சொன்னார்.